உடம்புக்கு மட்டும் லைனிங்

பாஸ் இழுத்த இழுப்பில் ரப்பர் பேண்ட் அறுந்து பறந்து ரேடியோவின் மூக்கில் பட்டது. காலையிலிருந்து இது எத்தனையாவது என்று எண்ணுவதை அவன் விட்டுவிட்டான். யோசிக்கும்போது விரல்களில் ரப்பர் பேண்டைச் சுற்றிச் சுற்றி இழுப்பது அந்த அம்மாளின் வழக்கம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ரேடியோ.

ரேடியோ என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாய் மூடத் தெரியாத பையனுக்குப் பள்ளிக்கூடம் வைத்த பெயர். வேலைக்கு வந்த இடத்திலும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரண்டாவது நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்கார வேண்டிய கட்சிக்காரர் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். ஆண்கள் கோட்டு விற்கும் கடைக்குச் சொந்தக்கார அம்மாள். கழுத்தில் அளவு நாடா மாலை போலத் தொங்கியது. கழற்றக்கூட மறந்துபோய் ஓடி வந்திருக்கிறார்.

"உக்காந்து பேசுங்கம்மா," என்றார் பாஸ்.

"உக்காந்தா தலை வெடிச்சிரும் போல இருக்கு." ரேடியோவின் பக்கத்தில் வந்ததும் சட்டென்று நின்றார். "என்னப்பா இது, பாக்கெட்டு இப்படித் தொங்குது? கழட்டு."

"பரவால்லம்மா, இது ஃபேஷன்..."

"கழட்டுன்னா!"

கோட்டு கை மாறியது. அவர் கைப்பையிலிருந்து ஊசி நூல் வந்தது. அப்போதுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் ஊசி வந்த பிறகு பேச்சும் கோர்வையாக வந்தது.

விஷயம் இதுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி கோட்டுத் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். தம்பி தைப்பார், அக்கா வரவழைத்து விற்பார். இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் உண்டு. கோட்டின் மேல்துணியும், உள்ளே போடுகிற லைனிங்கும் இந்த இரண்டு நாடுகளில் ஏதாவது ஒன்றில் நெய்ததாக இருந்தால் வரி தள்ளுபடி. பட்டனும் நூலும் எந்த ஊரிலிருந்து வந்தாலும் கேள்வி இல்லை. ஆனால் லைனிங் மூன்றாவது நாட்டுத் துணி என்று தெரிந்தால் தொலைந்தது.

"இந்தத் தடவை வந்த சரக்குல சாம்பிளுக்கு மூணு கோட்டு எடுத்துப் பார்த்திருக்காங்க. மூணுலயும் லைனிங் வெளிநாட்டுத் துணியாம். மொத்தச் சரக்கையும் முடக்கிட்டாங்க."

"நீங்க கோட்டைப் பார்த்தீங்களா?"

"இல்ல. சுங்க ஆபீஸ் வேலையெல்லாம் எங்க வீட்டுக்காரர்தான். அவர் கிளியரிங் ஏஜெண்ட். நீ வந்து பார்த்து மனசு கஷ்டப்படாதேன்னுட்டார்." ஊசி ஒரு மூலைக்கு வந்தது. அவர் குரல் தாழ்ந்தது. "இன்னிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள நான் ஒரு வாக்குமூலத்துல கையெழுத்துப் போடணும். தம்பி என்னை ஏமாத்திட்டான், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. போட்டா என் லைசென்ஸ் தப்பிக்கும். அவன் மேல அந்தப் பக்கம் கேஸ் போடுவாங்க, பட்டறைக்குப் பூட்டு விழும். போடலைன்னா என் கடை போச்சு."

"தம்பி என்ன சொல்றார்?"

"நான் பண்ணலக்கான்னான். எனக்கு வந்த ஆத்திரத்துல..." உதட்டைக் கடித்துக்கொண்டார். "இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாதே, மேடம்னு கூப்பிடுன்னு சொல்லிட்டேன். நான் தூக்கி வளர்த்த பையன். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. அவன் பண்ணினான்னும் நம்ப முடியல, பண்ணலைன்னும் நம்ப முடியல. எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்."

அவருடைய கைப்பையில் போன் அடித்தது. எடுத்தவர் முகம் மாறியது. "கடைக்கு நூல் வாங்க வந்தேங்க... வந்துடறேன்... ஆமா, போடறேன்னு சொன்னேன்ல."

போனை வைத்துவிட்டு, "நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா, இன்னும் உன் தம்பிக்குத்தான் வக்காலத்தான்னு கேப்பார்," என்றார். தைத்து முடித்த கோட்டை ரேடியோவின் மேல் போட்டார். பாக்கெட்டின் மேல் மூலைகள் இரண்டிலும் கோழிக்கால் மாதிரி மூன்று குட்டித் தையல்.

"இது என்னம்மா டிசைன்?"

"டிசைன் இல்ல, பூட்டு. துணி மூலையிலதான் முதல்ல கிழியும். அதனால நான் எது தைச்சாலும் மூலைக்கு மூலை ஒரு பூட்டுப் போட்டுருவேன். யாரும் சொல்லிக் குடுக்கல, என் கை பழகிப்போச்சு."

பாஸுக்கு ஓர் அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, வந்த வேகத்திலேயே படியிறங்கிப் போனார்.

-

சுங்கக் கிடங்கின் சாம்பிள் அறையில் ஒரு பெரிய மேஜையும் அதன் பின்னால் ஒரு பெரிய நாற்காலியும் இருந்தன. நாற்காலியில் சோதனை அதிகாரி நிறைந்திருந்தார். பாஸ் வணக்கம் சொன்னபோது எழவில்லை. கடிதத்தை வாங்கவும் எழவில்லை. பக்கத்து அறையில் ஏதோ பெட்டி சரிந்து விழுந்த சத்தத்துக்குக்கூட எழவில்லை. ரேடியோ அவருக்கு மனசுக்குள் 'நாற்காலி' என்று பெயர் வைத்துவிட்டான்.

"பாருங்க, தொடுங்க. கிழிச்சிடாதீங்க," என்றார் நாற்காலி.

மேஜையில் மூன்று கோட்டுகள். பாஸ் ஒன்றைத் தூக்கித் தோளைப் பிடித்துத் தொங்கவிட்டார். முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பினார்.

"ரேடியோ, அந்தக் கார்ட்டன்ல இருந்து ஒரு கோட்டு எடு."

அறையின் மூலையில் பிரித்த பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவன் எடுத்த கோட்டு இரண்டாக மடிந்து கிடந்தது. விரித்தால் இடுப்புக்குக் குறுக்கே அழுத்தமான ஒரு கோடு. கையால் நீவினான். போகவில்லை.

"ஐயா, இந்தச் சரக்கெல்லாம் மடிச்சுத்தானே வந்துச்சு?"

"கார்ட்டன்ல மடிக்காம எப்படி வைப்பாங்க?"

"அப்போ உங்க சாம்பிள் மூணுக்கும் மடிப்பு எங்கே?"

நாற்காலி குனிந்து பார்த்தார். மூன்று கோட்டுகளிலும் இடுப்பில் அந்தக் கோடு இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு தோளிலும் லேசாக ஒரு புடைப்பு இருந்தது.

"ஹேங்கர் குத்தின இடம்," என்றான் ரேடியோ. "ஐயா, இதெல்லாம் பெட்டியில படுத்துக்கிட்டு வந்த கோட்டு இல்ல. ஏதோ கடையில ரொம்ப நாளா தூக்குல தொங்கின கோட்டு."

"தம்பிக்காரன் பழசைக் கலந்து அனுப்பியிருப்பான்."

"கலந்திருந்தாலும் பெட்டியில மடிஞ்சுதானேய்யா வந்திருக்கும்?" பாஸ் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பினார். உடம்புப் பகுதி முழுக்கச் சாம்பல் நிறத்தில் மினுமினுப்பான லைனிங். கைக்குள் விரலை விட்டு லைனிங்கை வெளியே இழுத்தார். அதுவும் சாம்பல் நிறம்தான், ஆனால் மினுமினுப்பு இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த கோட்டின் லைனிங்கோடு வைத்துப் பார்த்தால் அச்சு அசல் அதே துணி.

"சரியாப் போச்சு. இந்தக் கோட்டுக்கு உடம்பு ஒரு நாடு, கை ஒரு நாடு," என்றான் ரேடியோ. "ஏன்யா, கையை நீங்க சோதிக்கலையா?"

"கை கணக்குல வராதுப்பா. கோட்டைத் திறந்தா தெரியற லைனிங் மட்டும்தான் ரூல்ல இருக்கு. கைக்குள்ள எந்த நாட்டுத் துணி போட்டாலும் தள்ளுபடி உண்டு."

பாஸின் விரல்கள் தாமாகவே ரப்பர் பேண்டைத் தேடின. "ரேடியோ, நீதான் அந்தத் தம்பி. மலிவான வெளிநாட்டுத் துணி போட்டுக் காசு மிச்சம் பிடிக்கணும். எங்க போடுவே?"

"கையிலதான் பாஸ். அங்க போட்டா தப்பே இல்லையே. கூப்பிட்டு வெத்தலை பாக்கு வைக்காத குறையா இடம் விட்டிருக்காங்க."

"ஆனா இங்க பாரு. இஷ்டம் போலப் போடலாம்னு சொன்ன இடத்துல ஒழுங்கான துணி. போடவே கூடாதுன்னு சொன்ன இடத்துல வெளிநாட்டுத் துணி. திருடன் இப்படிப் பண்ண மாட்டான். திருடனை மாட்டிவிடறவன்தான் பண்ணுவான். கை லைனிங்கைப் பிரிச்சுத் தைக்கிறது பெரிய தலைவலி. ரூல்ல வராததுக்கு எதுக்கு மெனக்கெடணும்னு விட்டுட்டான். அவனுக்கு இந்த ரூல் தலைகீழாத் தெரியும்."

ரேடியோ நாற்காலியைச் சந்தேகமாகப் பார்த்தான். நாற்காலி அவனை முறைத்தார்.

"என்னை எதுக்குப் பார்க்கறே? எனக்கு இந்த வயசுல ஊசியில நூல் கோக்கவே வராது."

"ஐயா, சாம்பிளைப் பெட்டியில இருந்து எடுத்தது யாரு?" பாஸ் பணிவாகத்தான் கேட்டார்.

"அது வந்து... முழங்கால் வலிங்க. நான் இங்கயே உக்காந்து, மூணு பெட்டியில இருந்து ஒவ்வொண்ணு எடுத்துட்டு வாங்கன்னு சொல்லுவேன். ஏஜெண்ட் எடுத்துட்டு வந்து குடுப்பார். எல்லாச் சரக்குக்கும் அப்படித்தான்."

"எல்லாச் சரக்குக்கும்?"

"எல்லாச் சரக்குக்கும்," என்றார் நாற்காலி, கொஞ்சம் சுருதி இறங்கி.

-

வராந்தாவில் ரேடியோ நிலைகொள்ளாமல் அலைந்தான். கடல் காற்று தாள்களையும் தூசியையும் வாரிக்கொண்டு வந்தது. கட்சிக்காரரும் அவருடைய கணவரும் கையெழுத்துப் போட எந்த நேரமும் வந்துவிடலாம்.

"புருஷன்தான் பாஸ்! பெட்டியில இருந்து நல்ல கோட்டை எடுக்கற மாதிரி எடுத்து, இந்த மூணைக் கையில குடுத்திருக்கான். பிடிச்சு உள்ள போடச் சொல்லிடலாமா?"

"என்னன்னு சொல்லுவே? மடிப்பு இல்ல, புடைப்பு இருக்குன்னா? எனக்குத் தெரியாது, பெட்டியில இருந்ததைத்தான் எடுத்தேன்னு கையை விரிச்சிடுவான். லைனிங் தைச்சது யாருன்னு தெரியணும். கீழ் ஓரத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன். பட்டறைக் கோட்டுல மிஷின் தையல். இந்த மூணுலயும் கையால ஹெம்மிங். நல்ல கை பாஸ். கண்ணுல ஒத்திக்கலாம் போல..."

பாதியில் ரேடியோவுக்குப் பேச்சு நின்றது. குளிருக்குப் பாக்கெட்டில் விட்ட கையை வெளியே எடுத்தான். குனிந்து பாக்கெட்டின் மூலையைப் பார்த்தான். பிறகு சாம்பிள் அறைக்குள் ஓடினான். "தொட்டுட்டுப் போறேன், கிழிக்க மாட்டேன்" என்று நாற்காலியிடம் கத்திக்கொண்டே கோட்டைப் புரட்டினான். கீழ் ஓரம், முதுகுப்பக்கத்து வெட்டில் போய் முடிகிற மூலை. கோழிக்கால் மாதிரி மூன்று குட்டித் தையல். அடுத்த மூலை, அதே பூட்டு. அடுத்த கோட்டிலும் அதே பூட்டு.

திரும்பி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"பாஸ், நம்ம தலையிலேயே மிளகாய் அரைச்சுட்டாங்க. புருஷன் எடுத்துக் குடுத்திருக்கான், பொண்டாட்டி தைச்சுக் குடுத்திருக்காங்க. காலையில அந்தம்மா பேசினதை நம்பி நான் கோட்டை வேற கழட்டிக் குடுத்தேன்!"

"நான் அப்பவே பார்த்துட்டேன்," என்றார் பாஸ். "நீயா கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன்."

"அப்போ ஏன் சும்மா நிக்கிறீங்க?"

"அவங்க தெரிஞ்சு தைச்சிருந்தா, நம்ம கண்ணு முன்னாடி உன் பாக்கெட்டுக்குப் பூட்டுப் போட்டிருப்பாங்களா? என் கையெழுத்து இதுதான்னு திருடன் போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் காட்டுவானா?"

ரேடியோ தன் பாக்கெட் மூலையைத் தடவிப் பார்த்தான். "அப்போ அவங்களுக்கே தெரியாம..."

"அதனாலதான் புருஷன் அவங்களை இந்தக் கோட்டுங்க பக்கமே விடல."

"இப்போ நாம போய்ச் சொல்லணும்."

"சொல்லக் கூடாது. காட்டணும். பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டாங்கன்னா அவங்க கடை பிழைக்கும், குடும்பம் பிழைக்கும். ஒரு தையலை வச்சு நம்மால எதையும் நிரூபிக்க முடியாது. அவங்க பேசினாத்தான் உண்டு."

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கிய ஏஜெண்ட் வழித்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தார். ஒரு கையில் ஃபைல், மறு கையில் மூடி திறந்த பேனா. "வண்டியிலயே போட்டுடும்மா. நான் கொண்டுபோய்க் குடுத்துடறேன். எதுக்கு நீ படியேறிக்கிட்டு?"

பேனா அந்த அம்மாள் கைக்குப் போய்விட்டது. பாஸ் படியிறங்கிப் போய்க் காரின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, சரக்கைப் பார்க்காமயே தம்பியைக் குத்தம் சொல்லப் போறீங்களா? ஒரு தடவை பார்த்துட்டுப் போடுங்க."

"நீங்க யாருங்க?" ஏஜெண்டின் சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் வரச் சொன்னவங்க," என்றார் மனைவி. கணவர் முகத்தைப் பார்க்காமல் படியேறினார்.

-

சாம்பிள் அறைக்கு வந்ததும் எல்லாத் தையற்காரர்களும் செய்வதைத்தான் அவரும் செய்தார். கோட்டின் முகத்தைப் பார்க்கவில்லை. கீழ் ஓரத்தைத் திருப்பினார். கட்டைவிரல் தையலின் மேலேயே ஓடியது. மூலைக்கு வந்தது.

காலையிலிருந்து ஒரு கணம் சும்மா இல்லாத அந்தக் கைகள் அப்படியே நின்றுவிட்டன.

ரேடியோவுக்கு அன்று ஒரு ஸ்டேஷனும் கிடைக்கவில்லை. சொல்லிவிடுங்கம்மா, சொல்லிவிடுங்கம்மா என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த அம்மாள் மேஜையில் தான் வைத்த பேனாவைப் பார்த்தார். பின்னாலேயே வந்த கணவர் அதன் பக்கத்தில் விரித்து வைத்த வாக்குமூலத்தைப் பார்த்தார். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்விடலாம்.

"பார்த்தாச்சுல்ல? போடு," என்றார் ஏஜெண்ட்.

"ஏங்க," என்றார் அவர் மெதுவாக. "நாடகக் கம்பெனிக்காரங்க கோட்டு எப்படி இங்க வந்துச்சு?"

"எந்த நாடகக் கம்பெனி?"

"நம்ம கடையில தொங்கின மூணு கோட்டை எடுத்துட்டு வந்தீங்க. நாடகக் கம்பெனி வாங்கிடுச்சு, மேடையில திறந்து காட்டணுமாம், உள்ள மினுமினுன்னு இருக்கணுமாம்னீங்க. துணியும் நீங்கதான் கொண்டு வந்தீங்க. கைக்கும் மாத்திடறேனேன்னு கேட்டேன். வேண்டாம், கையை யாரு பார்க்கப் போறாங்க, உடம்புக்கு மட்டும் போதும்னீங்க."

நாற்காலி கிறீச்சிட்டது. முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, சோதனை அதிகாரி எழுந்து நின்றிருந்தார்.

ஏஜெண்ட் மனைவியின் காதோரம் குனிந்தார். அந்தச் சின்ன அறையில் ரகசியம் எல்லோருக்கும் கேட்டது. "வாயை மூடு. தைச்சது உன் கை. சொன்னா முதல்ல மாட்டறது நீதான்."

"ஏன் பண்ணினீங்க?"

"பின்னே? உடம்புக்கு மலிவான வெளிநாட்டுத் துணியைப் போடு, சாம்பிளை நான் பார்த்துக்கறேன்னு உன் தம்பிகிட்டத் தலைகீழா நின்னு பார்த்தேன். ரூலு ரூலுன்னு ஒரே பிடிவாதம். போட்டுத் தர வேற பட்டறை தயாரா இருக்கு. ஆனா அவன் இருக்கற வரைக்கும் நீ வேற பக்கம் திரும்பிப் பார்ப்பியா?"

ஆத்திரத்தில் குரல் ஏறிவிட்டதை அவர் தாமதமாகத்தான் கவனித்தார். அதற்குள் அதிகாரி கதவை மறித்துக்கொண்டு நின்றுவிட்டார். அந்த உடம்பைத் தாண்டி யாரும் போக முடியாது என்பதை ரேடியோ திருப்தியோடு பார்த்தான்.

மனைவி வாக்குமூலத்தைக் கவிழ்த்து வைத்தார். "எழுதிக்குங்க ஐயா. இந்த மூணு கோட்டுக்கும் லைனிங் தைச்சது நான். தைக்கச் சொன்னது இவர். என் தம்பி அனுப்பினதுல ஒரு இழை தப்பு இல்ல."

"அம்மா, இதைச் சொன்னா உங்க லைசென்ஸுக்கும் விசாரணை வரும். கடையை மூடினாலும் மூடிடுவாங்க," என்றார் அதிகாரி.

"வரட்டும். என் கைதானே தைச்சுது."

போனை எடுத்தார். எண் இரண்டு தடவை தப்பிப்போனது. பாஸ் வாங்கி, போட்டுக் கொடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டானோ என்று ரேடியோ நினைத்த நேரத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின்களின் இரைச்சல் கேட்டது. அதற்கு நடுவில் ஒரு வறண்ட குரல்.

"சொல்லுங்க மேடம்."

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னுதுடா," என்றார் கடைசியில். "நீ பண்ணல. நான்தான்... எல்லாம் அப்புறம் சொல்றேன். என்ன திட்டணுமோ திட்டு. வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டு."

அந்தப் பக்கம் தம்பி ஏதோ கை காட்டியிருக்க வேண்டும். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"அழறியாக்கா?" என்றது போன்.